வாயால் கூப்பிட்டால்தான் அழைப்பு

1

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துத் தம்போயில், தங்கை சுசீலாவின் வீட்டு முன்ஹாலில், காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பள்ளி விடுமுறைக்கு மகள் ஷாலினியுடன் அமெரிக்காவிலிருந்து வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. வெயிலும் நன்றாகத்தான் அடிக்கிறது, சொந்தக்காரர்களின் கேள்விகளும் நன்றாகத்தான் அடிக்கின்றன.

நேற்று ஷாலினிக்குத் தோடு வாங்க நகைக்கடைக்குப் போனோம். வாசலில் காவலாளி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நீளத் துப்பாக்கி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தம்போயில் பார்த்த ஒரே வகைத் துப்பாக்கி அதுதான். அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமலே கடைக்குள் ஓடுவேன். ஷாலினியோ கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்த மனிதரின் முழங்காலைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். சுசீலாவுக்கு அது உறுத்திவிட்டது.

"என்னாக்கா, இந்தப் புள்ள அதத் தொடப்பக்கட்டைய பாக்கற மாதிரிகூட பாக்கல? அங்க எல்லாரும் இடுப்புல வெச்சுக்கிட்டுதான் சுத்துவாங்களாமே, நெசமா?"

"நெசந்தான்" என்றேன். "ஆனா எங்க தீபாவளிக்கு இந்த வருசம் ஒருத்தரும் கொண்டு வரல. ஊரே வந்துச்சு. ஒருத்தர் இடுப்புலயும் இல்ல."

"சும்மா கதை விடாத லா."

கதை இல்லை. என் வாழ்க்கையில் நானாகச் சண்டை போட்டு ஜெயித்தது என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான் இருக்கிறது. அதை ஒழுங்காகச் சொல்லாமல் எப்படி விடுவேன்?

2

என் கணவர் முகுந்தனுக்குக் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்து நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு சின்ன ஊர். அமெரிக்கா என்றதும் உங்களுக்கு வரும் உயரக் கட்டடமெல்லாம் அங்கே கிடையாது. ஒரு தேவாலயம், இன்னொரு தேவாலயம், தீவனக் கடை, நகராட்சி அலுவலகம், அதை ஒட்டி நகராட்சியின் பொது மண்டபம். நான் பல் மருத்துவரின் முன்மேசையில் உட்கார்ந்து ஆட்களைக் கூப்பிடுகிறேன். ஊரில் பாதிப் பேரின் கடைவாய்ப் பல் நிலவரம் எனக்கு அத்துப்படி.

போன முதல் வருடமே தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். தம்போயில் எங்கள் வரிசை வீடுகளில் எல்லா வீட்டுக்கும் இரும்புக் கேட், அதற்குள்ளே இரும்புக் கிரில், இரண்டுக்கும் பூட்டு. திருட்டுப் பயம் இல்லாத ஊர் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தீபாவளிக் காலையில் அப்பா கேட்டைத் திறந்து, பூட்டைக் கழற்றி, நேரே சமையலறைக்குப் போய் அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிடுவார். வெளியே வைத்தால் பழக்க தோஷத்தில் யாராவது பூட்டிவிடுவோமாம். அன்றைக்கு முழுவதும் வாசல் திறந்தபடி கிடக்கும். நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாமா ஹமிட் குடும்பத்தோடு வருவார், முனை வீட்டு சீனத்து அத்தை வருவார், முகமே தெரியாத லாரிக்காரர் ஒருவர் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். யார் என்று யாரும் கேட்பதில்லை. தட்டு காலியானால் நிரப்புவோம், அவ்வளவுதான்.

அமெரிக்க வீட்டுக்குள் அத்தனை பேருக்கு இடமில்லை. அதனால் நகராட்சி மண்டபத்தை ஒரு நாளுக்கு எடுத்தோம். நான் தீவனக் கடையில், 'தீபாவளி ஓப்பன் ஹவுஸ், எல்லோரும் வருக' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். அங்கே ஓப்பன் ஹவுஸ் என்றால் விற்பனைக்கு இருக்கும் வீட்டை வந்து சுற்றிப் பார்க்கும் நாள் என்று எனக்கு எந்த மகராசன் சொன்னான்? ஒரு ஜோடி வந்து மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்து, குளியலறை எத்தனை என்று கேட்டது. கேட்டவர்களை உட்கார வைத்துத் தோசை போட்டேன். அவர்கள் அடுத்த வருடமும் வந்தார்கள், இந்த முறை தோசைக்காக.

முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனவர் டேல். எங்கள் தெருக்கோடியில் நாயோடு தனியாக இருக்கும் பழைய லாரி ஓட்டுநர். மேல்வரிசைப் பல் கட்டியது. முறுக்கைத் தேநீரில் முக்கி முக்கி ஒரு தட்டு காலி செய்தார். "மேடம், இது என்னவா இருந்தாலும் சரி, இன்னும் கொஞ்சம் குடுங்க" என்றார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

3

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பயப்படாதீர்கள், எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

அந்த மாநிலத்தில் உரிமம் உள்ள யாரும் துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பொது இடங்களுக்குப் போகலாம். பள்ளிக்கூடம், நீதிமன்றம் என்று சில இடங்கள்தான் விலக்கு. எங்கள் ஊர் நகராட்சியோ, பூங்காவில் நடந்த ஒரு அடிதடிக்குப் பிறகு, தன் மண்டபத்துக்குள் துப்பாக்கி கூடாது என்று தானாகவே ஒரு விதி போட்டு, கதவில் தகரப் பலகை அடித்து வைத்திருந்தது. நாங்கள் தைரியமாக மண்டபம் எடுத்ததே அந்தப் பலகையைப் பார்த்துத்தான்.

போன வருடம் மண்டபம் எடுக்கப் போனால் பலகையைக் காணோம். நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. நகராட்சி முகப்பில் லிண்டா என்றொரு அம்மாள் இருப்பார். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு எதையும் பொறுமையாகச் சொல்வார். அவரிடம் கேட்டேன்.

"கழட்டச் சொல்லிட்டாங்க விமலா. மாநிலச் சட்டத்துக்கு மேல நகராட்சி தனியா விதி போடக் கூடாதாம். யாரோ புகார் குடுத்திருக்காங்க. நாங்க பலகைய வெச்சிருந்தா நகராட்சிக்கு அபராதம்."

"மண்டபம் உங்களோடதுதானே?"

"எங்களோடதுதான்."

"அப்ப உங்க மண்டபத்துல என்ன வேணும், என்ன வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இல்லையா?"

"இல்லன்னு மாநிலம் சொல்லுது."

அலமாக்! ஜொகூரில் நகராட்சி ஒரு வாகன நிறுத்தக் கோட்டைப் போட்டுவிட்டால் எவனாலும் அதை அசைக்க முடியாது. இங்கே சொந்தக் கதவில் ஒரு தகரத்தை மாட்ட வக்கில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளூர என்ன நினைத்தேன் தெரியுமா? நம் தீபாவளிக்கு எவன் துப்பாக்கியோடு வரப் போகிறான் என்று நினைத்தேன்.

4

வந்தார். டேல்தான் வந்தார்.

போன வருடம், மண்டபம் நிரம்பிய நேரம். பத்மாவின் இரண்டு பையன்களும் மேசைக்கு அடியில் தவழ்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பத்மா ஜொகூரின் காஹாங் தோட்டப்புறத்தைச் சேர்ந்தவள். அந்த வட்டாரத்தில் நம் ஊர்க்காரி என்று எனக்கிருக்கும் ஒரே துணை. டேலின் முறுக்கு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். சட்டை மேலே ஏறியது. இடுப்பில், கறுப்பாக. பத்மாவின் சின்னவன் மேசைக்கு அடியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கைக்கு எட்டும் உயரம்தான்.

என் கையில் சாம்பார்க் கரண்டி. டேல் நிமிர்ந்து, சட்டையை இழுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவில்லைதான். அவர் தபால்பெட்டி வரைக்கும் போனாலும் அது இல்லாமல் போவதில்லை என்று பிறகு தெரிந்தது. அவர் செய்ததில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை.

பத்மா பையன்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எங்க காஹாங்ல பன்னி சுடறவரு தோட்டத்துக்கு வருவாரு, துப்பாக்கி தோள்ல தொங்கும். தூரத்துலயே தெரியும், நாங்க ஒதுங்கிக்குவோம். அது பயமில்ல அக்கா. இங்க யாரு வெச்சிருக்கா, யாரு வெக்கலன்னு தெரியாம எப்படி இட்லி திங்கறது? கோச்சுக்காதீங்க, அடுத்த வருசம் நாங்க வர மாட்டோம்."

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? அவள் சொன்னது நியாயம். அன்று மீந்த கேசரியைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்று அழுதேன். வருடம் முழுக்க அந்த ஊரில் நான் பல் மருத்துவமனைக்காரி. யாரும் என் பெயரைச் சரியாகச் சொல்வதில்லை. அந்த ஒரு நாள்தான் நான் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு, வாங்க என்று சொல்கிற ஆளாக இருக்கிறேன். அதையும் மூடிவிட்டால் நான் அங்கே வெறும் குடியிருக்கிறவள். பத்மாவும் வர வேண்டும், டேலும் வர வேண்டும், துப்பாக்கி வரக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் அது எங்கள் தீபாவளி இல்லை என்று முகுந்தனிடம் சொன்னேன்.

"நீ கேக்கறது அமெரிக்காவுல நடக்காது விமலா" என்றார் அவர். அவர் அப்படித்தான். வீட்டில் யாராவது ஒருவர் நடக்காது என்று சொல்ல வேண்டுமே.

5

இந்த வருடம் மண்டபம் எடுக்கப் போனபோது லிண்டா வழக்கமான விண்ணப்பத்தை நீட்டினார். அதில் இரண்டு கட்டங்கள். 'பொது நிகழ்ச்சி', 'தனியார் நிகழ்ச்சி'. ஒவ்வொரு வருடமும் நான் பெருமையாகப் பொது என்பதில் ஒரு கோடு போட்டுவிட்டு வருவேன். திறந்த இல்லம் பொதுவில்லாமல் வேறென்ன? கோடு போடக் கை போனபோது நகராட்சி வழக்கறிஞர் உள்ளேயிருந்து காப்பிக் கோப்பையோடு வந்தார். சின்ன வயதுக்காரர். முந்தின மாதம்தான் ஞானப்பல் பிடுங்கிக்கொண்டு என் மேசையில் வந்து சாய்ந்தவர். என்னைக் கண்டால் கொஞ்சம் மரியாதை.

அவரிடம் என் குறையைக் கொட்டினேன். அவர் கட்டத்தைக் காட்டினார்.

"பொதுன்னு போட்டா, அன்னிக்கு அது நகராட்சி இடம். நாங்க தடுக்க முடியாது. தனியார்னு போட்டா, அன்னிக்கு ஒரு நாள் அந்த இடம் உங்க வீடு மாதிரி. எதோட உள்ள வரலாம், வரக் கூடாதுன்னு நீங்க சொல்லலாம். நகராட்சிக்கு இல்லாத உரிமை வாடகைக்கு எடுத்தவருக்கு உண்டு."

எனக்குத் தலை சுற்றியது. ஊருக்கே சொந்தமான மண்டபத்தில் ஊருக்கு இல்லாத அதிகாரம், தம்போயிலிருந்து வந்த எனக்கு ஒரு நாளுக்கு உண்டு! சட்டம் எழுதியவன் என் மாமன் மகனாகத்தான் இருக்க வேண்டும்.

"ஆனா தனியார்னா தனியார்தான்" என்றார். "யாரு வேணாலும் வரலாம்னு கடையில ஒட்டக் கூடாது. நீங்க அழைச்சவங்க மட்டுந்தான் வரலாம்."

அங்கேதான் இடித்தது. அழைத்தவர்கள் மட்டும் வரும் திறந்த இல்லம் என்ன திறந்த இல்லம்? இத்தனை வருடமும் 'எல்லோரும் வருக' என்று நானே எழுதி ஒட்டித்தான் என் கையிலிருந்த உரிமையைக் கொண்டுபோய்த் தெருவில் போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து சட்டியை உருட்டினேன்.

முகுந்தன் சமாதானம் சொன்னார். "நம்ம ஆளுங்க, ஃபேக்டரி ஆளுங்க, அவ்வளவு பேர மட்டும் கூப்பிடலாமே. கூட்டம் கம்மியா இருந்தா உனக்கும் வேலை கம்மி."

"அதுக்கு நான் வீட்டுலயே கதவச் சாத்திட்டு இட்லி திங்கறேன்!"

மறுநாள் இன்னொரு சந்தேகம் கேட்க, முகுந்தனும் கேட்கும்படி, வழக்கறிஞருக்குத் தொலைபேசி போட்டேன். அழைத்தவர்களிடம் துப்பாக்கி வேண்டாம் என்பதை எப்படிச் சொல்ல வேண்டும்? பலகையா? பலகைக்கு மாநிலச் சட்டத்தில் ஆயிரத்தெட்டு நிபந்தனை. எழுத்து இத்தனை உயரம், இன்ன வாசகம், இன்ன நிறம். முகுந்தன் அளவுகோலைத் தேட எழுந்துவிட்டார். அப்போது வழக்கறிஞர் சாதாரணமாக ஒன்று சொன்னார்.

"பலகை இல்லாட்டியும் பரவால்ல. நேர்ல, வாயால சொன்னாலும் சட்டப்படி செல்லும்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை தங்கத்தில் அச்சடித்து வந்தாலும், வீட்டுக்கு வந்து, தட்டை நீட்டி, வாயால் கூப்பிடாவிட்டால் அது அழைப்பே இல்லை. "கார்டு வந்துச்சு, யாரு வந்து கூப்பிட்டாங்க?" என்று சொல்லிக்கொண்டு சித்தப்பாக்கள் எத்தனை கல்யாணத்துக்கு வராமல் இருந்திருக்கிறார்கள்! என் கல்யாணத்துக்குத் தம்போய் முழுக்க, கூலாய், செடெனாக் வரைக்கும் அப்பாவும் அம்மாவும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எனக்கு அது அப்போது பெரிய தலைவலியாகத் தெரிந்தது. அந்தத் தலைவலியைத்தான் அமெரிக்கச் சட்டம் இப்போது என் கையில் ஆயுதமாகக் கொடுத்திருக்கிறது.

தனியார் நிகழ்ச்சி. அழைத்தவர்கள் மட்டும். சரி. ஊர் முழுவதையும் அழைத்துவிட்டால்?

6

"அம்மா, நோ" என்றாள் ஷாலினி.

அவளுக்கு வயது பதினைந்து. பள்ளியில் தன் பெயரை 'ஷே' என்று சுருக்கிக்கொண்டவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். 'பசியாறிட்டியா' என்று நான் கேட்பதை அவள் தோழிகளிடம் நடித்துக் காட்டிச் சிரிப்பாள்.

"இங்க யாரும் தெரியாத வீட்டுக் கதவத் தட்ட மாட்டாங்க. அவங்ககிட்ட துப்பாக்கி இருக்கு. துப்பாக்கி கொண்டு வராதீங்கன்னு சொல்ல துப்பாக்கி இருக்கற வீட்டுக் கதவத் தட்டப் போறியா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் வாயை விட்டாயிற்று. பட்டுப்புடவை கட்டினேன். வெற்றிலைக்கு எங்கே போவது? தட்டில் குங்குமம், மஞ்சள், கற்கண்டு, கொஞ்சம் சாமந்தி. ஷாலினி காரை விட்டு இறங்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு கூட வந்தாள்.

அது அக்டோபர் கடைசி. பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் வாரம். முதல் வீட்டில் கதவைத் திறந்த பெரியவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்து, "பிரமாதமான வேஷம்!" என்று சொல்லி, குங்குமத் தட்டில் இரண்டு சாக்லேட்டைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார். நான் தட்டோடு நின்றேன். காருக்குள் ஷாலினி விழுந்து விழுந்து சிரிப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் என்னோடு சேர்ந்து, என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! சிரித்து முடித்துவிட்டு இறங்கி வந்தாள். கதவை அவளே மறுபடி தட்டினாள்.

"சார், இது வேஷம் இல்ல. இவங்க என் அம்மா. எங்க வீட்டு விசேஷத்துக்கு உங்கள நேர்ல கூப்பிட வந்திருக்காங்க. எங்க வழக்கம் இது. ஒரே ஒரு வேண்டுகோள், துப்பாக்கி மட்டும் வேணாம்."

பெரியவர் முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டு, கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஷாலினி காருக்குள் உட்காரவே இல்லை. தெருத் தெருவாகப் போனோம், வேலை முடிந்த மாலைகளில், சனி ஞாயிறுகளில். நாய் துரத்தியது. ஒரு வீட்டில் 'அத்துமீறினால் சுடப்படும்' என்று எழுதியிருந்தது. அந்த வீட்டு அம்மாள்தான் எங்களைப் பிடித்து உட்கார வைத்து, தன் பிள்ளைகளின் படத்தையெல்லாம் காட்டி, எங்களை விட மாட்டேன் என்றார். எத்தனையோ வருடமாக அவர் வீட்டுக்கு யாரும் நேரில் வந்து எதற்கும் கூப்பிட்டதில்லையாம். சிலர் முடியாது என்றார்கள். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர்களும் உண்டு. பரவாயில்லை, கூப்பிட்டது கூப்பிட்டதுதான்.

டேல் வீட்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். போகாமல் முடியுமா?

அவர் வாசல் படியில் நாயோடு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் அது இருந்தது. நான் தட்டை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கற்கண்டைத் தொடவில்லை.

"மேடம், உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். அந்த மண்டபத்துப் பலகையக் கழட்ட வெச்சதே நான்தான். புகார் குடுத்தது நான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் இட்லியைத் தின்றுவிட்டு! என் முறுக்கைத் தேநீரில் முக்கிவிட்டு! தட்டை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், ஷாலினி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நகராட்சிக்கு அந்த உரிமை இல்ல" என்றார் அவர். "சட்டம் என் பக்கம். அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஒரு தகரத்த மாட்டி, நான் கெட்டவன்னு எழுதி வெச்சாங்க. மறுபடி மாட்டினா மறுபடி கழட்ட வெப்பேன்."

"நகராட்சி உங்ககிட்ட கேக்கல டேல். நான் கேக்கறேன். அன்னிக்கு அது என் வீடு. போன வருசம் ஒரு சின்னப் பையன் கைக்கு எட்டற தூரத்துல அது இருந்துச்சு. அவங்க அம்மா இனிமே வர மாட்டேன்னுட்டா. எனக்கு அவளும் வேணும், நீங்களும் வேணும். அதுதான் வேணாம்."

அவர் நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பையனைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இதக் கேக்க நீங்க என் வீட்டுப் படி ஏறி வந்தீங்களா?"

"மத்த எல்லா வீட்டுப் படியும் ஏறிட்டுதான் வந்திருக்கேன். என் முட்டியப் பாருங்க."

அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு கற்கண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

7

தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை. பத்மாவைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வரவழைத்திருந்தேன். அவள் பையன்களைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. இட்லி ஆறிக்கொண்டிருந்தது. முகுந்தன் மட்டும் 'நடக்காது' என்று சொல்லியிருந்தால் கரண்டி பறந்திருக்கும்.

முதலில் வந்தது டேல். வண்டியை வாசலுக்கு நேரே நிறுத்தினார். உள்ளே வராமல் படியிலேயே நின்று, எல்லோரும் பார்க்க, இரண்டு கையாலும் சட்டையை நெஞ்சு வரை தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். வெள்ளை வெளேரென்று வயிறு, ஒரு பெல்ட், வேறொன்றுமில்லை. பத்மாவின் சின்னவன் கை கொட்டிச் சிரித்தான். பத்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

டேல் என்னிடம் ஒரு சின்னச் சாவியை நீட்டினார். "வண்டிக்குள்ள இரும்புப் பெட்டியில இருக்கு. போறப்ப வாங்கிக்கறேன், மேடம்."

சாவியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த அரிசி டப்பாவின் மூடியைத் திறந்து, உள்ளே புதைத்துவிட்டேன். புதைத்த பிறகுதான் என் கை என்ன செய்தது என்று எனக்கே உறைத்தது.

திரும்பி வருவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சாக்லேட் போட்ட பெரியவர், 'சுடப்படும்' என்று எழுதி வைத்திருந்த அம்மாள் தன் பிள்ளைகளோடு, தீவனக் கடைக்காரர், லிண்டா, ஞானப்பல் வழக்கறிஞர். இரண்டு தேவாலயக்காரர்களும் ஒரே வரிசையில் சட்னிக்கு நின்றார்கள். வாசலில் டேல் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வந்தவர்களின் இடுப்பைக் கண்ணாலேயே எடை போட்டார். ஒருவரைப் பார்த்து, "ராய், அத வண்டியில வெச்சுட்டு வா. இந்த அம்மா உன் வீட்டுக்கு வந்து கூப்பிட்டாங்கல்ல?" என்றார். ராய் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தார். பலகையைக் கழற்றிய மனிதரே அன்று முழுக்கப் பலகையாக உட்கார்ந்திருந்தார்.

பத்மாவின் பையன்கள் மேசைக்கு அடியில் தவழ்ந்தார்கள். யாரும் அவர்களைத் தூக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று உரக்கக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தினேன்தான், தமிழில். எங்கள் ஆட்களைத் தவிர ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் கை தட்டினார்கள்.

8

கூட்டம் கலைந்து, பாத்திரம் கழுவி, அரிசி டப்பாவோடு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தாயிற்று. மறுநாள் காலையில் அழைப்பு மணி. நான் அடுப்படியில் இருந்தேன். ஷாலினி போய்க் கதவைத் திறந்தாள்.

"வாங்க அங்கிள், பசியாறிட்டீங்களா?" என்றாள்.

ஆங்கிலத்தில் இல்லை, நடிப்பும் இல்லை. அவளுக்கே தெரியாமல் வந்த வார்த்தை அது. டேலுக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. ஆனால் உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தோசையை அவர் முன்னால் வைத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். இருபது வருடத்தில் இப்படி ஆனதில்லை என்பது போல ஒரு வெட்கச் சிரிப்பு.

"நேத்து சாவிய வாங்காமயே போயிட்டேன், மேடம். நேத்து வந்த தபால எடுக்க இன்னிக்குக் காலையில தபால்பெட்டிக்குப் போறப்பதான் இடுப்பு காலின்னே ஞாபகம் வந்துச்சு."

"முதல்ல சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, நான் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டேன்.